தனிமப் புதையல் வேட்டை: ஒவ்வொரு துப்புக்கும் ஒரே விடை இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

வகுப்பறையில் நடத்தக்கூடிய புதையல் வேட்டைக்கென்று வேதியியல் தனிமங்களைப் பற்றிய துணுக்குகள் தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் வெளிவருவதைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரிலிருந்து தொடர்ந்து வாசித்து வருகிறேன். இங்கே சாட்ஸ்வொர்த்தில், கோயில் மண்டபம் ஒன்றில் வார இறுதியில் நடக்கும் தமிழ் வகுப்பில் பாடம் சொல்லித் தருபவர்களில் நானும் ஒருவன். மற்ற நாட்களில் அறிவியலை ஆங்கிலத்தில் மட்டுமே கேட்கும் எங்கள் பிள்ளைகள் அதைத் தமிழில் பேசிப் பழகுவதற்கு இத்தகைய விளையாட்டைவிடப் பொருத்தமான வழி எனக்குத் தெரியவில்லை. ஆகவே இத்துணுக்குகள் தொடர வேண்டும் என்பதே என் விருப்பம். தொடரும்போது ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

வினாடி வினாவுக்கும் புதையல் வேட்டைக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. வினாடி வினாவில் ஒரு கேள்வி தெளிவற்றிருந்தால் ஒரு மதிப்பெண்ணோடு தகராறு முடிந்துவிடும். புதையல் வேட்டையிலோ ஒவ்வொரு துப்பின் விடையும் அடுத்த துப்பு இருக்கும் இடத்தைக் காட்டுவதாகும். ஒரு துப்புக்கு இரண்டு விடைகள் பொருந்துமானால், ஒரு குழு வாசலுக்கும் இன்னொரு குழு சமையல்கூடத்துக்கும் ஓடும். இரண்டு குழுக்களும் சரியாகவே சிந்தித்திருக்கும். ஆட்டம் மட்டும் குலைந்துபோகும். எனவே துப்பாக வரும் கேள்விக்கு ஒரே விடைதான் இருக்க வேண்டும் என்பதோடு, அந்த விடையை முடிந்தவரை பிள்ளையே தன் கண்ணாலும் கையாலும் சோதித்துக்கொள்ளவும் வழி இருக்க வேண்டும். மனப்பாடத்தை மட்டும் கேட்கும் துணுக்குகள் இந்த இரண்டு சோதனையிலும் அடிக்கடி தவறுகின்றன.

'எல்லாவற்றிலும் அதிகமாக உள்ள தனிமம் எது?' என்ற கேள்வியையே எடுத்துக்கொள்வோம். இது எல்லாத் துணுக்குத் தொகுப்புகளிலும் இருக்கும். பேரண்டத்தில் நமக்குத் தெரிந்த சாதாரணப் பொருளை நிறுத்துப் பார்த்தால் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு ஹைட்ரஜன். பூமியின் மேலோட்டில் முதலிடம் ஆக்சிஜனுக்கு, ஏறத்தாழ 46 சதவீதம். அடுத்து சிலிக்கான் 28 சதவீத அளவிலும், அலுமினியம் 8 சதவீத அளவிலும் வருகின்றன. மேலோட்டை விட்டுப் பூமி முழுவதையும் கணக்கில் எடுத்தால் உள்ளகத்தின் காரணமாக இரும்பு முன்னுக்கு வந்துவிடுகிறது. காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். மனித உடலில் எடைப்படி ஆக்சிஜன் சுமார் 65 சதவீதம் இருந்தாலும், அணுக்களை எண்ணினால் ஹைட்ரஜன் அணுக்களே பாதிக்கும் மேல். ஒரே கேள்விக்கு நான்கு விடைகள் கிடைத்துவிட்டன, நான்கும் சரி. 'எங்கே' என்பதும் 'எதை வைத்து அளந்து' என்பதும் கேள்விக்குள்ளேயே இருந்திருந்தால் இந்தக் குழப்பமே எழாது. சொல்லப்போனால், இந்த நான்கு விடைகளையும் நான்கு தனித்தனித் துப்புகளாக்கிவிட்டால் ஒரு வேட்டையில் பாதி தயாராகிவிடும்.

அடுத்தது 'அறை வெப்பநிலையில் நீர்மமாக இருக்கும் இரண்டு தனிமங்கள் யாவை?' என்பது. பாதரசம், புரோமின் என்று விடை தரப்படுகிறது. 25 டிகிரி செல்சியஸை அறை வெப்பநிலை என்று வைத்துக்கொண்டால் அது சரியே. ஆனால் சீசியம் ஏறத்தாழ 28.5 டிகிரியில் உருகுகிறது, கேலியம் 29.8 டிகிரிக்குச் சற்றுக் கீழே உருகுகிறது. எங்கள் டர்பனில் பிப்ரவரி மாதத்துப் பிற்பகலில் மண்டபத்து வெப்பமானி 30 டிகிரியைத் தாண்டும் நாட்கள் உண்டு. சென்னையில் உள்ள தங்கள் வாசகர்களுக்கோ அது ஆண்டின் பெரும்பகுதிக்கும் வழக்கமான பகல் வெப்பம். ஐரோப்பியக் குளிரில் அமர்ந்து எழுதப்பட்ட 'அறை' நம் ஊர்களில் பொருந்துவதில்லை. கேள்வியில் '25 டிகிரியில்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்துவிட்டால் போதும். காந்தம் பற்றிய கேள்விகளுக்கும் இதே எச்சரிக்கை தேவை: காந்தத்தால் வலுவாக ஈர்க்கப்படும் தனிமங்கள் இரும்பு, கோபால்ட், நிக்கல் என்று மூன்றைச் சொல்கிறோம், கேடோலினியம் என்ற அருமண் தனிமமும் 20 டிகிரி அளவுக்குக் கீழே அப்படி ஈர்க்கப்படும். டர்பனின் ஜூலை மாதக் காலையில் நான்கு, ஜனவரி நண்பகலில் மூன்று!

காலத்தால் பழசாகிப்போன துணுக்குகள் வேறு வகை. 'தனிம வரிசை அட்டவணையில் எங்கும் வராத ஒரே ஆங்கில எழுத்து ஜே' என்பது மிகவும் பெயர்பெற்ற துணுக்கு. 114ஆம் தனிமத்துக்கு 'அனன்குவாடியம்' என்ற தற்காலிகப் பெயர் வழங்கிய காலத்தில் அதன் பெயரிலும் குறியீட்டிலும் கியூ என்ற எழுத்து இருந்தது. 2012இல் அதற்கு ஃப்ளெரோவியம் என்று நிலையான பெயர் சூட்டப்பட்டது. 2016இல் 113, 115, 117, 118 ஆகிய எண்களுக்கும் பெயர்கள் உறுதியாயின. அதன்பின் அட்டவணையில் கியூவும் இல்லை. எனவே 'ஒரே எழுத்து' என்பது தவறு. இப்போது இரண்டு எழுத்துகள். இந்தத் துப்பை எங்கள் பிள்ளைகள் மிகவும் விரும்புவார்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை, ஏனெனில் சுவரில் மாட்டியிருக்கும் அட்டவணையை விரலால் தடவிப் பார்த்தே விடையைச் சொல்லிவிடலாம். ஆனால் சுவரில் உள்ள அட்டவணை எந்த ஆண்டில் அச்சானது என்பதை ஆசிரியர் முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதேபோல, 'கதிரியக்கமற்ற நிலையான தனிமங்களில் மிகவும் கனமானது பிஸ்மத்' என்று பழைய நூல்களில் காணலாம். 2003இல் பிரெஞ்சு இயற்பியலாளர்கள் பிஸ்மத்தும் சிதைவடைகிறது என்பதை அளந்து காட்டினார்கள். அதன் அரை ஆயுட்காலம் (அணுக்களில் பாதி சிதைய ஆகும் காலம்) பேரண்டத்தின் வயதைப்போல் நூறு கோடி மடங்குக்கும் மேல் என்பதால் அதைக் கையில் எடுப்பதற்கு யாரும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனாலும் அந்தப் பட்டம் இப்போது காரீயத்துக்குப் போய்விட்டது. 'மந்த வாயுக்கள் எதனோடும் சேராதவை' என்பதும் 1962இல் நீல் பார்ட்லெட் செனானைக் கொண்டு ஒரு சேர்மத்தை உருவாக்கிய நாளிலிருந்து செல்லாது. அழுகிய முட்டை நாற்றம் கந்தகத்தின் நாற்றம் என்பதும் சரியன்று. தூய கந்தகப் பொடிக்கு ஏறத்தாழ மணமே இல்லை, நாற்றம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவினுடையது.

ஹீலியத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனெனில் அது நம்மவர்கள் பெருமையோடு எடுத்துச் சொல்லும் துணுக்கு. 1868 ஆகஸ்ட் 18 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவின் குறுக்கே சென்றது. பிரான்சு நாட்டின் பியேர் ஜான்சென் அன்றைய மதராஸ் மாகாணத்தில் இருந்த குண்டூரிலிருந்தும், மதராஸ் வானாய்வகத்தின் தலைவராக இருந்த நார்மன் போக்சன் மசூலிப்பட்டினத்திலிருந்தும் சூரியனின் விளிம்பில் எழும் பிழம்புகளை, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைக் கருவியால் பார்த்தார்கள். அந்த ஒளியில் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. 'ஆகவே ஹீலியம் குண்டூரில் கண்டுபிடிக்கப்பட்டது' என்று துணுக்கு முடிந்துவிடுகிறது. உண்மை இதைவிடச் சுவையானது. அந்த மஞ்சள் கோடு சோடியத்தின் கோடு அன்று, அதற்கு அருகில் உள்ள வேறொன்று என்பதை அதே ஆண்டு அக்டோபரில், கிரகணம் இல்லாமலேயே, இங்கிலாந்தில் இருந்தபடி நார்மன் லாக்யர் உறுதி செய்தார். பூமியில் யாரும் கண்டிராத ஒரு தனிமம் சூரியனில் இருக்கிறது என்று துணிந்து சொன்னவரும் அவரே. 1895இல் வில்லியம் ராம்சே யுரேனியக் கனிமம் ஒன்றிலிருந்து அதே வாயுவைப் பிரித்தெடுக்கும்வரை அதைப் பலர் நம்பவில்லை. ஆக, 'ஹீலியத்தைக் கண்டுபிடித்தவர் யார்?' என்று கேட்டால் குறைந்தது மூன்று பெயர்கள் பொருந்தும். 'பூமியில் கிடைப்பதற்கு முன்பே சூரியனில் காணப்பட்ட தனிமம் எது?' என்று கேட்டால் ஒன்றே ஒன்றுதான் பொருந்தும். கண்டுபிடித்தவரின் பெயரைக் கேட்கும் கேள்விகளைப் பொதுவாகவே வேட்டையில் தவிர்ப்பது நல்லது என்பேன்; ஒரு தனிமத்தை ஊகித்தவர், பிரித்தவர், பெயரிட்டவர் என்று பெரும்பாலும் வெவ்வேறு ஆட்கள் இருப்பார்கள்.

இனி, கண்ணாலும் கையாலும் சோதிக்கக்கூடிய துப்புகளுக்கு வருகிறேன். இதற்கு ஆய்வகம் தேவையில்லை. ஒரு கோயில் மண்டபத்திலும் அதன் சமையல்கூடத்திலும் உள்ள பொருள்களைக் கொண்டே ஒரு முழு வேட்டையை அமைத்துவிடலாம். குத்துவிளக்கு பித்தளை, செம்பும் துத்தநாகமும். மணி வெண்கலம், செம்பும் வெள்ளீயமும். 'எங்கள் இருவரில் ஒருவர் பொது, மற்றவர் வேறு' என்று எழுதிய துப்பு, விளக்கையும் மணியையும் மாறிமாறிப் பார்க்கவைத்துச் செம்பில் கொண்டுபோய் விடும். மஞ்சள் தூளைச் சுண்ணாம்பு நீரில் குழைத்தால் கண்ணெதிரே சிவக்கிறது. அந்த முறையில் செய்த குங்குமத்தில் ஒளிந்திருக்கும் உலோகம் கால்சியம், அதை 1808இல் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைப் பாய்ச்சிப் பிரித்தார். எரியும் கற்பூரத்துக்கு மேலே பெரியவர் ஒருவர் பீங்கான் தட்டைப் பிடித்தால் படியும் கரி கார்பன்.

தீப்பெட்டி ஒரு நல்ல பொறி. பாஸ்பரஸ் எங்கே என்று கேட்டால் எல்லாப் பிள்ளைகளும் குச்சியின் தலையைக் காட்டுவார்கள். இன்றைய தீப்பெட்டியில் சிவப்புப் பாஸ்பரஸ் இருப்பது பெட்டியின் பக்கவாட்டில் உரசும் பட்டையில். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் போன்றவை உள்ளன. அதனால்தான் அதே குச்சியைச் சாதாரணச் சுவரில் உரசினால் எளிதில் பற்றுவதில்லை. அந்தப் பாஸ்பரஸை 1669இல் ஹாம்பர்க் நகரத்து ஹென்னிக் பிராண்டு சிறுநீரைக் காய்ச்சிக் காய்ச்சிக் கண்டெடுத்தார் என்ற செய்தியைக் கடைசியில் சொல்ல வேண்டும். முதலில் சொல்லிவிட்டால் பிள்ளைகள் சிரிப்பதை நிறுத்திவிட்டுத் தேடப் புறப்படமாட்டார்கள்.

ஆனால் மிகச் சிறந்த பொருள் எவர்சில்வர் டம்ளர்தான் என்று நினைக்கிறேன். அதில் வெள்ளி துளியும் இல்லை என்பது முதல் படி. ஒரு காந்தத்தைக் கொடுத்து இரும்புத் தோசைக்கல்லிலும் டம்ளரிலும் வைத்துப் பார்க்கச் சொன்னால், கல்லில் ஒட்டும் காந்தம் நல்ல டம்ளரில் ஒட்டாது. உடனே பிள்ளைகள் 'இதில் இரும்பு இல்லை' என்று எழுதிவிடுவார்கள். உண்மையில் அந்த டம்ளரின் எடையில் ஏறத்தாழ 70 சதவீதம் இரும்பு; 18 சதவீத அளவில் குரோமியம், 8 சதவீத அளவில் நிக்கல். குரோமியம் காற்றோடு சேர்ந்து மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலத்தை உண்டாக்குவதால் துரு ஏறுவதில்லை. நிக்கல் சேர்ந்ததால் உள்ளே அணுக்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையே மாறிப்போய் இரும்பு தன் காந்தத் தன்மையை வெளிக்காட்டுவதில்லை. நிக்கலும் தனியாக இருந்தால் காந்தத்தில் ஒட்டும் உலோகம், இரும்பும் ஒட்டும் உலோகம், இரண்டும் குரோமியத்தோடு கூடிய கலவை ஒட்டவில்லை என்பதை ஒரு பன்னிரண்டு வயதுப் பிள்ளை நம்புவதற்குச் சற்று நேரம் பிடிக்கும். அந்த நேரத்தை அவசரப்படுத்தக் கூடாது. நிக்கல் சேர்க்காத விலை குறைந்த எவர்சில்வர் பாத்திரங்களில் காந்தம் ஒட்டும் என்பதால், வேட்டைக்கு வைக்கும் பாத்திரத்தை ஆசிரியர் முன்கூட்டியே சோதித்து வைத்திருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான பொருள் எங்கள் நாட்டு ஐந்து சென்ட் நாணயம். 2012இல் அதை வார்ப்பது நிறுத்தப்பட்டாலும் வீட்டுக்கு வீடு டப்பாக்களில் கிடக்கிறது. பார்ப்பதற்குச் செம்பு, காந்தத்தில் பட்டென்று ஒட்டும். மேலே செம்புப் பூச்சு, உள்ளே எஃகு. கூரைத் தகடும் அப்படித்தான்: எங்கள் பக்கத்தில் எல்லோரும் சிங்க் என்று சொன்னாலும் உள்ளே இரும்பு, துத்தநாகம் மேற்பூச்சு மட்டுமே. டம்ளரையும் நாணயத்தையும் கூரைத் துண்டையும் அடுத்தடுத்த துப்புகளாக வைத்தால், காந்தம் ஒட்டுவதும் ஒட்டாததும் எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிக்கவில்லை என்பதைப் பிள்ளைகள் தாமாகவே விவாதிக்கத் தொடங்குவார்கள்.

தங்கள் துணுக்குகளில் தங்கமும் பிளாட்டினமும் வரும்போதெல்லாம் எங்கள் நாட்டின் பெயர் ஒரு வரியில் வந்து போகிறது. இந்த மண்ணில் வாழும் எங்களுக்கு அந்த ஒரு வரி போதவில்லை. 1886இல் விட்வாட்டர்ஸ்ராண்டில் தங்கம் கண்டறியப்பட்டதால்தான் ஜோகன்னஸ்பர்க் என்ற நகரமே எழுந்தது. அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே வடக்கில் மபுங்குப்வே நகரத்தார் மரத்தால் செய்த சிறு காண்டாமிருகத்தின் மேல் தங்கத் தகடு போர்த்தியிருந்தார்கள். 1930களில் அது கல்லறையிலிருந்து வெளிப்பட்டது. 1967இல் முதன்முதலாக வார்க்கப்பட்ட குருகராண்ட் நாணயம் 22 காரட். அதாவது ஆயிரத்தில் 916.7 பங்கு தங்கம், மீதி செம்பு. நாணயத்தின் எடை 33.93 கிராம், அதில் தங்கம் 31.1 கிராம். நம் வீட்டுப் பெண்களின் வளையலில் பொறித்திருக்கும் 916 என்ற எண்ணும் இதே கணக்குதான். 'அம்மாவின் வளையலில் உள்ள மூன்று இலக்க எண்ணைப் பார். ஆயிரத்தில் மீதிப் பங்கு என்ன?' என்ற துப்பில் தமிழும் கணக்கும் வேதியியலும் ஒரே நேரத்தில் வந்துவிடுகின்றன. வளையலின் மீதிப் பங்கில் செம்போடு வெள்ளியும் இருக்கக்கூடும் என்பதால், விடையாகத் தனிமத்தைக் கேட்காமல் எண்ணைக் கேட்பதே பாதுகாப்பு.

பிளாட்டினத்தைப் பொறுத்தவரை, 1924இல் நிலவியலாளர் ஹான்ஸ் மெரென்ஸ்கி பின்தொடர்ந்து கண்ட பாறை அடுக்கு இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது. உலகில் வெட்டியெடுக்கப்படும் பிளாட்டினத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் இந்த நாட்டினுடையது. அதோடு பல்லேடியம், ரோடியம், ருத்தேனியம், இரிடியம், ஆஸ்மியம் ஆகிய ஐந்தும் சேர்ந்தே கிடைக்கின்றன. 'எல்லாத் தனிமங்களிலும் அடர்த்தி மிகுந்தது எது?' என்ற கேள்விக்கு ஆஸ்மியம் என்பது விடை. ஒரு கன சென்டிமீட்டருக்கு 22.59 கிராம். இரிடியம் 22.56 கிராம். இத்தனை நெருக்கத்தில் இருப்பதால் பழைய நூல்கள் சிலவற்றில் இரிடியத்துக்கே முதலிடம் தரப்பட்டிருக்கும். குரோமியத் தாதுவையும் மாங்கனீசையும் உலகிலேயே மிக அதிகமாகத் தோண்டுவது தென்னாப்பிரிக்காதான். எனவே எவர்சில்வர் டம்ளரில் உள்ள குரோமியமும், சாதாரண டார்ச் பேட்டரியில் துத்தநாகத்தோடு இருக்கும் மாங்கனீசு டை ஆக்சைடும் எங்கள் வடக்கு மாகாணங்களின் மண்ணிலிருந்து புறப்பட்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இரண்டு கரைகளையும் இணைக்கும் ஒரு துப்பு என்னிடம் உண்டு. தங்கள் பக்கத்துக்கு அதை மகிழ்ச்சியோடு தருகிறேன். டர்பனுக்கு வடக்கே ரிச்சர்ட்ஸ் பே என்ற துறைமுகத்தை ஒட்டிய மணல் மேடுகளில் 1970களின் பிற்பகுதியிலிருந்து இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான் ஆகிய கனிமங்கள் பிரிக்கப்படுகின்றன. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியின் கரிய மணலிலும் இதே மூன்று கனிமங்கள் உள்ளன; கூடவே மோனசைட்டும் உண்டு. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அங்கே மோனசைட்டைக் கண்டறிந்தபோது ஐரோப்பாவுக்கு அதில் தேவைப்பட்டது தோரியம். வாயு விளக்குகளின் மேண்டில் வலையைப் பளீரென ஒளிரவைத்த பொருள் அது. இல்மனைட்டிலிருந்து கிடைப்பது டைட்டேனியம். சுவரின் வெள்ளை வண்ணப்பூச்சுக்கு வெண்மை தருவது டைட்டேனியம் டை ஆக்சைடு. ஆகவே 'மணவாளக்குறிச்சி மணலிலும் ரிச்சர்ட்ஸ் பே மணலிலும் இருந்து வந்து இந்தச் சுவரில் வெண்மையாக நிற்பது எது?' என்று கேட்கலாம். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தால் விடை கால்சியம் ஆகிவிடும் என்பதை மறக்க வேண்டாம். சிர்க்கானில் உள்ள உலோகமான சிர்க்கோனியத்தை மார்ட்டின் கிளாப்ரோத் 1789இல் இனங்கண்டதோ இலங்கையிலிருந்து சென்ற கல் ஒன்றில்.

எங்கள் முன்னோர்களைச் சார்ந்த துப்புகளும் அமைக்கலாம். 1860 நவம்பர் 16 அன்று மதராசிலிருந்து ட்ரூரோ கப்பலில் இங்கு வந்திறங்கிய ஒப்பந்தத் தொழிலாளர்கள் கரும்புத் தோட்டங்களுக்காகக் கொண்டுவரப்பட்டார்கள். சர்க்கரையில் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் என்று மூன்றே தனிமங்கள். கரண்டியில் வைத்துச் சூடாக்கினால் நீராவி வெளியேறிக் கரிய கார்பன் மிஞ்சுகிறது. 1913இல் எங்கள் மாகாணத்தின் நியூகாசில் பகுதிச் சுரங்கங்களில், ஒப்பந்தம் முடிந்த இந்தியர்கள்மீது விதிக்கப்பட்ட மூன்று பவுண்டு வரியை எதிர்த்து நம்மவர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது வெட்டாமல் விட்டது நிலக்கரி. அதன் பெரும்பகுதியும் கார்பன். 1905இல் கண்டெடுக்கப்பட்ட கல்லினன் வைரம், வெட்டப்படாத நிலையில் 621 கிராம் எடையுள்ளது, அதுவும் கார்பனே. மூன்று துப்புகளும் ஒரே விடையில் வந்து முட்டும்போது, மூன்றாவது சீட்டைப் படிக்கும் பிள்ளை தான் எங்கோ வழி தவறிவிட்டதாக எண்ணும். அப்படி எண்ணவைப்பதற்காகவே இவற்றை அடுத்தடுத்து வைக்கப் பரிந்துரைக்கிறேன்.

பாதுகாப்பைப் பற்றித் தங்கள் பக்கத்தில் இதுவரை ஒரு வரியும் வராதது எனக்குக் கவலை அளிக்கிறது. பாதரசம் உள்ள வெப்பமானியையோ குழல் விளக்கையோ பிள்ளைகள் ஓடும் இடத்தில் துப்பாக வைக்கவே கூடாது. உடைந்தால் அதன் ஆவி மூச்சில் கலக்கும். எங்கள் மாகாணத்தின் கேட்டோ ரிட்ஜில் பாதரசக் கழிவைக் கையாண்ட ஆலையில் வேலை பார்த்த தொழிலாளர்கள் நஞ்சேறி நோயுற்றதும், 1990களின் தொடக்கத்தில் சிலர் இறந்ததும் இங்கு எல்லோருக்கும் தெரிந்த செய்தி. லித்தியத்துக்கு எடுத்துக்காட்டாகப் பொத்தான் பேட்டரியை வைப்பதும் ஆபத்து. சிறு பிள்ளை விழுங்கினால் உணவுக்குழாயை அரித்துவிடும். மின்வெட்டுக்காக வீட்டில் வைத்திருக்கும் மின்னேற்று விளக்கைத் திறக்காமல் முழுதாக வைத்தால் போதும்: உள்ளே இருப்பது லித்தியம் பேட்டரி என்று மேலேயே அச்சிட்டிருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளலாம், ஒளி தரும் எல்.இ.டி.யில் கேலியம் இருக்கிறது. தனிம வரிசை அட்டவணையை வகுத்த மெண்டலீவ் 1871இல் இன்னும் கண்டுபிடிக்கப்படாத ஒரு தனிமத்தின் பண்புகளை முன்கூட்டியே எழுதி வைத்து, 1875இல் பிரான்சில் அது கிடைத்தபோது பெரும்பாலும் அவர் எழுதியபடியே இருந்தது என்ற வரலாறு இந்த கேலியத்தினுடையது.

கடைசியாகத் தங்களிடம் சில வேண்டுகோள்கள். ஒவ்வொரு துணுக்கோடும் அது எந்த ஆண்டு நிலவரப்படி சரியானது என்பதைச் சிறு எழுத்தில் அச்சிடுங்கள். 'அதிகம்', 'முதல்', 'ஒரே', 'மிகவும்' ஆகிய சொற்கள் வரும் ஒவ்வொரு கேள்வியையும் வெளியிடுவதற்கு முன் வேதியியல் ஆசிரியர் ஒருவரிடம் காட்டுங்கள். பிழைகளில் பெரும்பாலானவை இச்சொற்களின் நிழலில்தான் ஒளிந்திருக்கின்றன. விடையோடு நிறுத்தாமல், அந்த விடையை வீட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி இருந்தால் அதையும் ஒரு வரியில் தாருங்கள். குறியீடுகளைத் தமிழ் எழுத்தில் மட்டும் அச்சிடாமல் அட்டவணையின் படத்தையும் ஒருமுறை முழுப் பக்கமாக வெளியிட்டால், அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிக்கொள்ள இங்குள்ள தமிழ் வகுப்புகளுக்குப் பேருதவியாக இருக்கும். 118 தனிமங்களும் அதில் இருக்கட்டும். எங்கள் மண்டபத்தில் தொங்கும் படம் 109ஆம் தனிமத்தோடு முடிந்துவிடுகிறது.

இங்ஙனம்,
வார இறுதித் தமிழ் வகுப்பு ஆசிரியர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா